ஜெனரேட்டருக்குத் தெரியவா போகுது? – குப்பை எரிச்சு கரன்ட் எடுக்குற பிளாண்ட்ல எலக்ட்ரிக்கல் கமிஷனிங்

திருமங்கலத்துக்காரன் – 19 ஏப்ரல் 2025, இரவு 8.15

டிப்ளமோ எலக்ட்ரிக்கல். நாலு வருஷமா கப்பலூர் பக்கம் ஒரு மில்லுல மெயின்டனன்ஸ். இப்ப வடக்க ஒரு குப்பை எரிக்கிற பவர் பிளாண்ட்டுக்கு கமிஷனிங் (புது பிளாண்ட்டை சோதிச்சு முதல் தடவையா ஓட வைக்கிற வேலை) டீம்ல கூப்பிடுறாய்ங்க. 12 மெகாவாட். சம்பளம் இங்க வாங்குறதுக்கு ரெண்டு மடங்கு. வீட்டுல "குப்பை அள்ளவா படிக்க வச்சோம்"னு ஒரே சத்தம். நான் சொல்றது இதுதான்: நீராவி நிலக்கரியில வந்தா என்ன, குப்பையில வந்தா என்ன, ஜெனரேட்டருக்குத் தெரியவா போகுது? எலக்ட்ரிக்கல் வேலை எல்லாம் ஒண்ணுதானே? போகலாமா? போனவங்க சொல்லுங்க.

மெக்கர் – 19 ஏப்ரல், இரவு 10.50

போகலாம். தெரியாது.

மெக்கர் – 20 ஏப்ரல், காலை 7.20

நேத்து ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டுப் படுத்துட்டேன். தூக்கம் வரல. அந்த ரெண்டாவது வார்த்தையில பாதி பொய்.

பேப்பர்ல பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். 11 கேவி ஜெனரேட்டர், ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர், விசிபி (பெரிய பிரேக்கர்) பேனல், எம்சிசி (மோட்டாருக்கெல்லாம் சப்ளை குடுக்குற பேனல்), பேட்டரி பேங்க், கோளாறு வந்தா பிரேக்கரைத் திறக்கச் சொல்ற ரிலே. முதல்ல கிரிட்ல இருந்து பின்பக்கமா சப்ளை எடுத்து டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் பண்ணுவோம். அப்புறம் எம்சிசி, அப்புறம் மோட்டாரைத் தனியா ஓட்டி சுத்துற பக்கம் பார்க்குறது, அப்புறம் ஃபேன், பம்ப். பாய்லர் பத்தவச்சு, டர்பைன் உருண்டு, கடைசியில சிங்க்ரனைசிங், அதாவது ஜெனரேட்டரை கிரிட்டோட ஒத்துப்போக வச்சு இணைக்கிறது. சுகர் மில்லுல பார்த்தவனுக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்ல.

ஆனா நான் போன பிளாண்ட்ல முதல் வாரமே எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் விரல்ல தெரிஞ்சுச்சு. தெற்காவணி மூல வீதியில வாங்குன வெள்ளி மோதிரம், கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டது. ஏழாம் நாள் குளிக்கும்போது பார்க்குறேன், வறுத்த மிளகு மாதிரி கறுத்துக் கிடக்கு. குப்பைக் குழியில அழுகுறதுல வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு. மோதிரத்தைக் கறுக்க வச்சது ரிலே கான்டாக்டை மட்டும் சும்மா விடுமா? அதுவும் வெள்ளிதானே.

மிச்சம் சாயங்காலம். கறி எடுக்கப் போகணும்.

மெக்கர் – 20 ஏப்ரல், இரவு 9.05

விட்ட இடம்: வாயு.

எம்சிசி ரூம் குப்பை கொட்டுற தளத்துக்குப் பக்கத்துச் சுவர். டிசைன்படி அந்த ரூமுக்கு உள்ள காத்தழுத்தம் வெளிய விடக் கூடுதலா இருக்கணும், உள்ள வர்ற காத்து கார்பன் ஃபில்டர் வழியா வரணும். கமிஷனிங் சமயத்துல என்ன நடக்கும்? பேனல் வந்துரும், கேபிள் இழுத்துருவாய்ங்க, கதவு மட்டும் வராது. கதவுக்குப் பதிலா தார்ப்பாய். ஏசி கடைசியில. ஆனா குப்பை மட்டும் முன்னாடியே வந்துரும், ஏன்னா குழியில நாலஞ்சு நாளாவது கிடந்து தண்ணி வடிஞ்சாத்தான் எரியும். ஆக பேனல் ரெண்டு மாசம் அந்த நாத்தத்துலயே கிடக்கும். பாய்லர் பத்துறதுக்குள்ள கன்ட்ரோல் கார்டுக்கு வயசாயிரும்.

நாங்க சின்ன செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் ரூமுக்குள்ள தொங்கவிட்டு 30 நாள் கழிச்சு லேபுக்கு அனுப்புவோம். செம்புல துரு 300 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள இருந்தா எலக்ட்ரானிக்ஸுக்கு நல்ல இடம்னு கணக்கு. எங்க தகட்டை லேபுக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்ல, தொங்கவிட்ட பையனே பார்த்துட்டு "அண்ணே, இது செம்பா இரும்பா"ன்னு கேட்டான்.

அதனால தம்பி, போன உடனே முதல் சண்டை கதவுக்குப் போடு. "எலக்ட்ரிக்கல் ஆளு ஏன்யா கார்பென்டர் வேலை பேசுற"ம்பாய்ங்க. பரவாயில்ல.

மெக்கர் – 23 ஏப்ரல், இரவு 11.30

ரெண்டாவது வித்தியாசம். நெருப்பு நிக்காது.

கேஸ் டர்பைனா இருந்தா வால்வை மூடு, முடிஞ்சது. குப்பை பாய்லர்ல கிரேட் (அடுப்புத் தட்டு) மேல டன் கணக்குல எரிஞ்சுக்கிட்டு இருக்கும். கரன்ட் போனாலும் அது பாட்டுக்கு எரியும். ஐடி ஃபேன் (புகையை சிம்னிக்கு இழுக்குற ஃபேன்) நின்னுச்சுன்னா புகை சிம்னிக்குப் போகாம பாய்லர் ஹாலுக்குள்ள வரும். அடுப்பாங்கரையில பச்சை விறகு வச்சு ஊதாங்குழலை எடுத்துட்ட மாதிரி. அந்தப் பக்கம் டர்பைன் நாலாயிரம் அஞ்சாயிரம் சுத்துல இருந்து இறங்கி வர்ற வரைக்கும் பேரிங்குக்கு எண்ணெய் போகணும், மெயின் கரன்ட்டுல ஓடுற ஏசி பம்ப் அப்ப ஓடாது. அப்ப காப்பாத்துறது டிசி எண்ணெய் பம்பு, அதுக்குப் பின்னால இருக்குற பேட்டரி.

அதனால பேட்டரி டிஸ்சார்ஜ் டெஸ்ட்டைப் பத்து மணி நேரம் முழுசா எடு. மணிக்கொரு தடவை செல் செல்லா வோல்டேஜ் எழுது. 1.85 வோல்ட்டுக்குக் கீழ எந்த செல் முதல்ல விழுதுன்னு பாரு. ஆறு மணி நேரத்துல "போதும்ணே, டிரெண்டு நல்லாத்தான் போகுது"ன்னு ஒருத்தன் வருவான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு.

அப்புறம் பிளாக்-அவுட் டெஸ்ட். நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடியே மெயின் பிரேக்கரை நிஜமாவே திறந்து பாரு. டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்) எத்தனை செகண்ட்ல எடுக்குது, டிசி பம்பு தானா வருதா, எமர்ஜென்சி லைட் எரியுதா. எங்க பிளாண்ட்ல எல்லாம் வந்துச்சு, டிஜி பிரேக்கர் மட்டும் மூடல. ஏன்னா அதை மூட வைக்கிற குளோசிங் காயிலுக்கு சப்ளை, போன கரன்ட்டுல இருந்தே எடுத்திருந்தாய்ங்க. பூட்டுக்குள்ள சாவியை வச்சுப் பூட்டுன கதை.

மெக்கர் – 24 ஏப்ரல், மதியம் 1.40

"வாயு, நெருப்பு சரி, எலி இல்லையா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அனுபவஸ்தர் போல.

இருக்கு. பெருச்சாளி. பேனலுக்கு அடியில கிளாண்ட் பிளேட்ல கேபிள் போகாத ஓட்டையை எல்லாம் அன்னன்னைக்கே அடைக்கணும். ஃபோம் அடிச்சா கடிச்சுட்டு வந்துரும். தகடு போடு. சோறு கேன்டீன்ல மட்டும் தின்னு, கேபிள் டிரெஞ்ச் பக்கத்துல டிபன் பாக்ஸைத் திறக்காதே. இதை டூல்பாக்ஸ் டாக்ல நான் தினம் சொன்னதால எனக்கு அங்க பேரு "சூஹா சார்". இந்தியில சூஹான்னா எலி.

மெக்கர் – 27 ஏப்ரல், இரவு 10.10

முதல் சிங்க்ரனைசிங் கதை கேட்டீங்க.

ஆகஸ்ட் கடைசி. மழைன்னா மழை. ராத்திரி ஒண்ணரை மணி. சிங்க்ரோஸ்கோப் (ஜெனரேட்டரும் கிரிட்டும் ஒத்துப்போகுதான்னு காட்டுற மீட்டர்) முள்ளு மெதுவா சுத்தி வருது, கன்ட்ரோல் ரூம்ல இருபது பேர், ஒருத்தனும் மூச்சு விடல. கடிகாரத்துல பன்னெண்டுக்கு ஒரு நிமிஷம் முன்னால இருக்குற மாதிரி முள்ளு வரும்போது பிரேக்கர் மூடுச்சு. பூ மாதிரி. சத்தமே இல்ல. கைதட்டல், லட்டு.

லோடு ஏத்த ஆரம்பிச்சோம். ரெண்டு மெகாவாட்டைத் தொடலை, டமார்னு டிரிப். ரிலேயில 87, அதாவது டிஃபரென்ஷியல்: ஜெனரேட்டரோட ரெண்டு பக்கமும் இருக்குற சிடி (கரன்ட் அளக்குற டிரான்ஸ்ஃபார்மர்) காட்டுற கரன்ட் ஒத்துப்போகலன்னா விழுறது. டர்பைன் கத்துது, நீராவி மேல போகுது, லட்டு கையில. காரணம் என்னன்னா ஈரக் குப்பை. கிரேன்காரன் புதுசா வந்த நனைஞ்ச குப்பையை அப்படியே அள்ளிப் போட்டுட்டான், நீராவி அழுத்தம் ஆடுச்சு, லோடு ஆடுச்சு, டிஃபரென்ஷியல் விழுந்துருச்சு. குப்பை பிளாண்ட்ல இதுதான் தலைவலி. ஜெனரேட்டருக்குக் குப்பை தெரியும்னு நான் சொல்ல வர்றது இதைத்தான்.

மறுபடி நீராவி கிடைக்க ஆறு நாள் ஆச்சு.

மெக்கர் – 28 ஏப்ரல், இரவு 9.30

தியாகராசர் காலேஜ்ல கடைசி வருஷம் படிக்கிற தங்கச்சி ஒண்ணு மேல கேட்டிருக்கு: "லோடு ஆடுனா நியூட்ரல் பக்க சிடியிலயும் லைன் பக்க சிடியிலயும் ஒரே மாதிரிதானே ஆடும்? வித்தியாசம் ஜீரோதானே? அப்ப 87 எப்படி விழும் சார்?"

தங்கச்சி, புத்தகத்துல ஜீரோ. சைட்ல சிடி ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணு முன்னாடி சாச்சுரேட் ஆகி அளவைத் தப்பாக் காட்டும். வேலைக்கு வந்தாத் தெரியும்.

மெக்கர் – 28 ஏப்ரல், இரவு 11.55

மேல எழுதுனதை அழிக்கலாம்னு பார்த்தேன். கிடக்கட்டும்.

பத்து சதவீத லோடுல எந்த சிடி சாச்சுரேட் ஆகும்? ஒரு சிடியும் ஆகாது. அந்தப் புள்ள கேட்டது சரி.

மெக்கர் – 1 மே, காலை 11.00

லீவு. வீட்டுல யாரும் இல்ல. எழுதிர்றேன்.

ஈரக் குப்பையால நீராவி குறைஞ்சா விழ வேண்டியது 32, ரிவர்ஸ் பவர். டர்பைன் தள்ள மாட்டேன்னா கிரிட்டு ஜெனரேட்டரை மோட்டாரா ஓட்டும், அதைப் பார்த்து விழுறது. அவ்வளவு கம்மி லோடுல 87 விழுந்தா முக்கியமா ரெண்டு காரணம்: ஜெனரேட்டருக்கு உள்ள கோளாறு, இல்ல சிடி வயரிங்ல கோளாறு. இது எனக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும். ரிலேயோட ரெக்கார்டுல, R, Y, B-ங்கிற மூணு ஃபேஸ்ல, R-லயும் B-லயும் வித்தியாசம் ஒண்ணுமே இல்ல. Y-ல மட்டும் லோடு கரன்ட்டுக்குச் சரியா ரெண்டு மடங்கு. பத்து நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. Y ஃபேஸ் நியூட்ரல் பக்க சிடி தலைகீழ். கழிக்க வேண்டியதைக் கூட்டிக்கிட்டு இருந்திருக்கு. டெர்மினல்ல ரெண்டு வயரை மாத்திப் போட கால் மணி நேரம்.

ஆனா ராத்திரி மூணு மணிக்கு மீட்டிங் போட்டாய்ங்க. மேல இருந்து ஒருத்தர் "என்ன ஆச்சு"ன்னார். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பாய்லர் ஆளு ஒருத்தர் "குப்பை ஈரம் சார், ஸ்டீம் நிக்கல"ன்னார். நான் தலையை ஆட்டிட்டேன். அவ்வளவுதான் பண்ணேன். பொய்கூடச் சொல்லல, தலையை ஆட்டுனேன். மறுநாள் கிரேன் ஓட்டுன பையனைக் கூப்பிட்டு அத்தனை பேர் முன்னால வச்சு வாங்கு வாங்குன்னு வாங்குனாய்ங்க. பீகார்க்காரன், இருபத்திரெண்டு வயசு இருக்கும். கண்ணாடிக் கேபின்ல உக்காந்து குழியைப் பார்த்துக்கிட்டு, பழைய குப்பையையும் புதுக் குப்பையையும் கலந்து கலந்து போடுவான், அம்மா மாவு பிசையுற மாதிரி. அவன் அன்னைக்கு எந்தத் தப்பும் பண்ணல.

அப்புறம் அந்த சிடி டெஸ்ட் ஷீட். R-க்கு நேரா "சரி"ன்னு எழுதி, Y-க்கும் B-க்கும் கீழ ரெண்டு புள்ளி புள்ளியா மேற்படிக் குறி. ஒரு ஃபேஸைப் பார்த்துட்டு மிச்ச ரெண்டுக்கும் மேற்படி. போட்டவன் சப்-கான்ட்ராக்ட் பையன். கீழ "சரிபார்த்தவர்"னு இருக்குற கையெழுத்து என்னோடது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே கட்டா நாப்பது ஷீட் போட்டேன்.

இதை இத்தனை வருஷமா "ஈரக் குப்பை கதை"யாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஜிகர்தண்டா கடையில நின்னு சொல்லியிருக்கேன், இன்டர்வியூவுலகூடச் சொல்லியிருக்கேன். திரும்பத் திரும்பச் சொன்னதுல எனக்கே அதுதான் நடந்த மாதிரி ஆயிருச்சு.

மெக்கர் – 1 மே, மாலை 6.45

இன்னொண்ணு. இது சமாளிப்பு இல்ல, நிஜமாவே யோசிச்சுப் பார்த்தது.

சாதாரணமா சிங்க்ரனைசிங்குக்கு முன்னாடி ஷார்ட் சர்க்யூட் ரன்னுன்னு ஒண்ணு உண்டு. ஜெனரேட்டர் வெளிப்பக்கம் மூணு ஃபேஸையும் கட்டையா இணைச்சு, டர்பைனை முழு வேகத்துல உருட்டி, எக்ஸைட்டேஷனை (ஜெனரேட்டருக்குக் காந்தம் குடுக்குற கரன்ட்) கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறது. வோல்டேஜ் இல்லாம கரன்ட் மட்டும் ஓடும். அப்ப எல்லா சிடியையும் ரிலேயில படிச்சுரலாம். Y தலைகீழ்னா அங்கயே பல்லை இளிச்சிருக்கும்.

எங்களுக்கு அதுக்கு எட்டு மணி நேரம் குடுத்திருந்தாய்ங்க. அன்னைக்கு நீராவி வந்ததே மூணு மணி நேரம். மழை, குப்பை நனைஞ்சு கிடக்கு, ஸ்டார்ட்-அப் பர்னர்ல டீசலை ஊத்தி ஊத்தி பணம் கரையுது. "ஓபன் சர்க்யூட் மட்டும் பார்த்துட்டுப் போயிரலாம், ஷார்ட் சர்க்யூட்டை அப்புறம் பார்ப்போம்"னு முடிவாச்சு. அந்த அப்புறம் வரவே இல்ல.

ஆக ஈரக் குப்பைக்கும் 87-க்கும் சம்பந்தம் இருக்கு. நான் சொன்ன வழியில இல்ல. நிலக்கரி பிளாண்ட்ல நீராவி கேட்டா கிடைக்கும். குப்பை பிளாண்ட்ல அது மாசக் கடைசிச் சம்பளம் மாதிரி, வந்த உடனே ஆளாளுக்குக் கையை நீட்டுவாய்ங்க, கடைசி ஆளு நாம. திருமங்கலத்துத் தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இங்கதான் இருக்கு. நீராவி இல்லாமப் பார்க்க முடிஞ்ச அத்தனையையும் நீராவிக்கு முன்னாடியே பார்த்து முடிச்சுரு. பிரைமரி இன்ஜெக்‌ஷன் (வெளிய இருந்து கரன்ட் ஓட்டிப் பார்க்குறது), சிடி போலாரிட்டி (சிடியோட திசை), ரெண்டு பக்க பிடியும் (வோல்டேஜ் அளக்குற டிரான்ஸ்ஃபார்மர்) ஒரே சோர்ஸ்ல ஒத்துப்போகுதான்னு பார்க்குறது. பாய்லர்காரனை நம்பி ஒண்ணையும் ஒத்திவைக்காதே.

மெக்கர் – 3 மே, இரவு 9.00

போலாரிட்டி எப்படிப் பார்க்குறதுன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. பேட்டரி டெஸ்ட். பழைய முள்ளு மீட்டர் ஒண்ணு, பைக் பேட்டரி ஒண்ணு. டிஜிட்டல் மீட்டர் உதவாது, கண் சிமிட்டுறதுக்குள்ள போயிரும்.

சிடியில மெயின் கரன்ட் போற பக்கம் P1, P2; ரிலேக்குப் போற செகண்டரி பக்கம் S1, S2. பேட்டரி பிளஸ் P1-ல, மைனஸ் P2-ல. மீட்டர் பிளஸ் S1-ல, மைனஸ் S2-ல. பேட்டரியைத் தொட்டு எடு. தொடும்போது முள்ளு வலது பக்கம் துள்ளணும், எடுக்கும்போது இடது பக்கம். அவ்வளவுதான். வச்சுப் பிடிக்காதே, தொட்டு எடு. நடுவுல ஒரு ஹெட்லைட் பல்பைப் போட்டுக்கிட்டா வயர் சுடாது.

முடிஞ்சதும் செகண்டரி வயரைத் திரும்பப் போட்டுட்டோமான்னு ரெண்டு தடவை பாரு. லோடு ஓடும்போது சிடி செகண்டரி திறந்து கிடந்தா அது உன்னையும் கொல்லும், பேனலையும் கொளுத்தும்.

மெக்கர் – 4 மே, காலை 8.10

மறுபடி மாட்டிக்கிட்டேன். சுகர் மில்லுல ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "எழுத்தைப் பார்த்து P1-ல பிளஸ் வச்சா, சிடியையே திருப்பி மாட்டியிருந்தா எப்படிப்பா தெரியும்?"

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. எங்க Y ஃபேஸ்ல நடந்ததே அதுதான். போல்ட்டுக்கு ஸ்பானர் போகலன்னு சிடியைத் திருப்பி மாட்டியிருந்தாய்ங்க, P1 நியூட்ரல் பக்கம் பார்க்க வேண்டியது ஜெனரேட்டரைப் பார்த்து நின்னுச்சு. நேத்து நான் சொன்ன மாதிரி எழுத்தை வச்சு டெஸ்ட் பண்ணியிருந்தா முள்ளு அழகா வலது பக்கம்தான் துள்ளியிருக்கும். அந்தப் பையன் மேற்படி போடாம மூணு ஃபேஸையும் பார்த்திருந்தாலும் சிக்கியிருக்காது. இத்தனை வருஷம் அவனைத் திட்டுனதுலயும் பாதி தள்ளுபடி.

சரியான முறை: எழுத்தை மறந்துரு. வயரை சிடிக்குள்ள நுழைச்சு, பிளஸ்ஸை நியூட்ரல் பக்கம் இருந்து விடு, மூணு ஃபேஸுக்கும் ஒரே பக்கம். மீட்டரை சிடி கிட்ட வைக்காதே, ரிலே பேனல் டெர்மினல்ல வை. ஒருத்தன் அங்க, ஒருத்தன் இங்க, வாக்கிடாக்கி. அப்பத்தான் சிடி, நடுவுல இருக்குற ஜங்ஷன் பாக்ஸ், ஃபெரூல் (வயர் நம்பர் வளையம்) மாறுனது எல்லாம் சேர்ந்து தெரியும்.

மெக்கர் – 4 மே, காலை 8.40

இன்னொரு திருத்தம். "ரெண்டு மெகாவாட்டைத் தொடலை"ன்னு எழுதியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 எம்விஏ, 11 கேவி, முழுக் கரன்ட் 787 ஆம்பியர். ரிலே செட்டிங் 20 சதவீதம், அதாவது 157. தலைகீழ் சிடியில வித்தியாசம் ரெண்டு மடங்குங்கிறதால லோடு 79 ஆம்பியர் வந்த உடனே விழுந்திருக்கணும். ஒண்ணரை எம்விஏ. பவர் ஃபேக்டர் 0.8-ன்னா 1.2 மெகாவாட். கதையில எப்பவும் ரெண்டுன்னுதான் சொல்லுவேன். மீனு கையில இருந்து நழுவுனா வளரும்ல.

மெக்கர் – 6 மே, இரவு 10.20

மோட்டார் மெக்கர் வேல்யூ (இன்சுலேஷன் எவ்வளவு நல்லா இருக்குன்னு காட்டுற அளவு) குறைஞ்சா என்ன பண்றதுன்னு தம்பி கேட்டான்.

மழைக்காலத்துல அங்க காலையில போய் மெக்கர் வச்சா ஐடி ஃபேன் மோட்டார் 4 மெகாஓம் காட்டுச்சு. ஹெச்டி (உயர் அழுத்த) மோட்டாருக்கு நூறு மெகாஓமாவது வேணும். கம்பெனி ஆளு "மோட்டாரைக் கழட்டி அனுப்புங்க"ன்னான். அனுப்புனா மூணு வாரம். காரணம் ஒண்ணும் இல்ல, மோட்டாருக்குள்ள இருக்குற ஹீட்டருக்கு யாரும் சப்ளை குடுக்கல, டெம்பரரி சப்ளையில அது சேரலயாம்.

எங்க அப்பா மேலூர் பக்கம் விவசாயம். கிணத்துல தண்ணி ஏறி மோட்டார் முங்குனா ரீவைண்டிங் கடைக்காரர் மூடியைக் கழட்டி உள்ள 200 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, சாக்கைப் போட்டு மூடி, "நாளைக்கு வா"ம்பார். அதையே பண்ணேன். நாலு பல்பு, தார்ப்பாய், ரெண்டு ராத்திரி. மூணாம் நாள் 600 மெகாஓம். பத்து நிமிஷ ரீடிங்கை ஒரு நிமிஷ ரீடிங்கால வகுத்தா ரெண்டுக்கு மேல. கம்பெனி ஆளு ரிப்போர்ட்ல "கன்ட்ரோல்டு டிரையிங்"னு எழுதிக்கிட்டான்.

மெக்கர் – 8 மே, இரவு 9.15

எர்த்திங் பத்தி ஒரே ஒரு விஷயம். நம்மூர்ப் பக்கம் பாறை பூமி, கோடையில குழியில எவ்வளவு கரியும் உப்பும் போட்டாலும் ஓம் இறங்காது, டெஸ்ட் அன்னைக்குக் குடம் குடமா தண்ணி ஊத்துறது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். குப்பை மேட்டுல நேர் எதிர். குச்சியை நட்ட உடனே 0.4 ஓம். எல்லாருக்கும் சந்தோஷம். ஏன் அவ்வளவு கம்மி? மண்ணு பூரா குப்பையில வடிஞ்ச கழிவுநீர், உப்பு. அந்த உப்பு கரன்ட்டையும் நல்லா கடத்தும், ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) பட்டையையும் நல்லா திங்கும். ரீடிங் நல்லா இருக்கேன்னு விட்டுராதே, வருஷா வருஷம் ஒரு குழியைத் தோண்டி பட்டையைக் கண்ணால பாரு.

மெக்கர் – 12 மே, இரவு 11.40

காலையில அழகர் ஆத்துல இறங்குனார். கோரிப்பாளையத்துல நசுங்கி, தண்ணி பீய்ச்சுறவன்கிட்ட முழுசா நனைஞ்சு, இப்பத்தான் உக்காந்தேன். திரும்பி வரும்போது ரோடு பூரா பேப்பர் பிளேட்டு, தண்ணி பாக்கெட்டு, வாழையிலை. பின்னாலயே துப்புரவுக்காரங்க கூட்டிக்கிட்டே வர்றாங்க, சாமி போன தடத்துலயே.

"மதுரைக்கு ஒரு குப்பை பவர் பிளாண்ட் வந்தா வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு நாத்தம் தீருமா"ன்னு அவனியாபுரத்துக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார். காத்து அடிச்சா எங்க வீட்டு மாடிக்கும் வரும், அதனால உங்க கஷ்டம் புரியுது.

என் பொழப்பே அந்த மாதிரி பிளாண்ட்தான், இருந்தும் சொல்றேன்: நம்ம குப்பை எரியுற குப்பை இல்ல. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மிஞ்சுற பூவு, காய்கறி மார்க்கெட் கழிவு, கல்யாண மண்டப இலை, சாம்பார். இதை எரிக்கிறது ஈரத்துணியைக் கொளுத்துற மாதிரி. இதுக்கு சாண எரிவாயு மாதிரி தொட்டியில போட்டு கேஸ் எடுக்குறதுதான் பொருத்தம். தனியா பிரிச்ச, மறுபடி பயன்படாத பிளாஸ்டிக், துணி, ரப்பர்னா எரியும். 2016-ல போட்ட திடக்கழிவு விதியிலயே இருந்துச்சு: கிலோவுக்கு 1,500 கிலோ கலோரிக்கு மேல இருக்குற, வேற எதுக்கும் ஆகாத குப்பையைக் கொட்டக் கூடாது, எரிசக்திக்குத்தான் பயன்படுத்தணும்னு. அதுக்கு முதல்ல வீட்டுல ரெண்டு வாளி வைக்கணும்.

மெக்கர் – 13 மே, காலை 7.00

நேத்து அசதியில விட்டுப்போனது. 1987-ல டெல்லி திமார்பூர்ல இதைச் செஞ்சு பார்த்துட்டாய்ங்க. டென்மார்க் டெக்னாலஜி, நாளைக்கு 300 டன், 3.75 மெகாவாட். டிசைன் போட்டது கிலோவுக்கு 1,460 கிலோ கலோரி சொச்சம். வந்த குப்பையில அதுல பாதிதான் இருந்துச்சு. சோதனை ஓட்டத்தோட மூச்சு நின்னுபோச்சு. அங்க எலக்ட்ரிக்கல் கமிஷனிங் பண்ண ஆளு யாரோ, பாவம். அவர் மெக்கர் வேல்யூ எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும்.

மெக்கர் – 13 மே, காலை 7.25

"அப்ப போகச் சொல்றீங்களா வேணாங்குறீங்களா"ன்னு தம்பி. முதல் வரியிலயே சொன்னேனே, போகலாம். மில்லுல நாலு வருஷம் இருந்தாலும் ஓடுற பேனலைத்தான் பார்ப்ப. இங்க ஒண்ணுமில்லாத இடத்துல முதல் தடவை கரன்ட் ஏறுறதைப் பார்ப்ப. நாத்தம் பத்து நாள்ல பழகிரும். உனக்கு. திரும்பி சம்பர்க் கிராந்தி ரயில்ல வரும்போது எதிர் சீட்டுக்காரனுக்குப் பழகாது, நாக்பூர் தாண்டுறதுக்குள்ள எனக்கு மூணு பெர்த் காலியாக் கிடைச்சுச்சு.

மெக்கர் – 8 ஜூன், இரவு 8.50

தம்பி இன்னைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அடுத்த வாரம் கிளம்புறான். அவங்க அம்மாவும் கூட வந்தாங்க, என்னை நேர்ல பார்த்துட்டுத்தான் அனுப்புவேன்னு. கையைத் திருப்பி மோதிரத்தைப் பார்த்தாங்க. புளி போட்டு விளக்கி வச்சிருந்தேன், நல்லவேளை.

முள்ளு மீட்டரைக் குடுத்து விட்டிருக்கேன். டவுன் ஹால் ரோட்டுல நாலு கடை ஏறி இறங்குனான், எல்லாம் டிஜிட்டல்தான் இருக்காம்.

மெக்கர் – 19 ஜூலை, இரவு 10.35

தம்பி போன் பண்ணான். பிளஸ்ஸை ஒரே பக்கம் வச்சு, ரிலே பேனல்ல மீட்டரை வச்சு, அத்தனை சிடி கோரையும் பார்த்துட்டானாம். ரெண்டரை நாள் ஆச்சாம். எல்லாம் சரியா இருந்துச்சாம். "ஒண்ணுகூடத் தப்பா இல்லண்ணே, ரெண்டரை நாள் வேஸ்ட்டு, இன்சார்ஜ் கத்துறார்"ங்கிறான். ஷீட்ல மேற்படி போட்டியாடான்னேன். இல்லையாம், எல்லாத்துக்கும் தனித்தனியா எழுதி, முள்ளு எத்தனை கோடு துள்ளுச்சுன்னுகூட எழுதியிருக்கானாம்.

கிரேன் கேபினுக்குப் போனியான்னு கேட்டேன். போனானாம். குழி பூரா தண்ணி, மழை ஆரம்பிச்சிருச்சாம். கிரேன்காரர் நல்லா பேசுறாராம், டீ குடுத்தாராம். யாரு, எந்த ஊருன்னு கேட்டேன். ஒடிசாவாம். சரி, வேற ஆளு.

தீபாவளிக்கு வரும்போது மீட்டரை மறக்காமக் கொண்டாடா.

மெக்கர் – 19 ஜூலை, இரவு 10.50

எம்சிசி ரூமுக்குக் கதவு இன்னும் வரலயாம்.